வியாழக்கிழமை டாக்டரின் கை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இன்றைக்கு நேரான பல்லோடு சிரிக்கிற யாரைப் பார்த்தாலும், அது ஒரு வியாழக்கிழமை உண்டான சிரிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மற்ற ஆறு கிழமைகளிலும் ராசிபுரத்தில் பல் பிடுங்கினார்கள், ஓட்டை அடைத்தார்கள், கறை சுரண்டினார்கள். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுவது மட்டும் வியாழனில்தான். ஏனென்றால் அந்த வேலை தெரிந்த ஒரே மனிதர் அன்றைக்குத்தான் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரி போர்டிலேயே எழுதியிருந்தது. ஆனால் அந்த போர்டு மாடிப்படி திரும்புகிற இருட்டில் மாட்டியிருந்ததால் ஒருவரும் படித்ததில்லை. எங்களுக்கு அவர் வியாழக்கிழமை டாக்டர். கிழமைக்கு ஓர் ஊராகச் சுற்றுகிறவர். வாழப்பாடியில் அவரைச் செவ்வாய்க்கிழமை டாக்டர் என்றுதான் சொல்வார்களாம். ஒருமுறை வாழப்பாடிக்காரர் ஒருவர் ராசிபுரத்துக்கு வந்து, "எங்க செவ்வாக்கெழம டாக்டரு மாதிரி கை யாருக்கும் வராதுங்க" என்று இவரிடமே சொல்ல, இவர், "அப்படீங்களா, ஒரு நாளைக்கு அவரப் பாக்கோணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. பத்து வயதில் கட்டியிருக்க வேண்டிய கம்பி. பயத்தில் இருபத்தாறு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் என் மேல்வரிசைப் பல் நுழையும், சற்றுப் பொறுத்து நான் வருவேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் ஆபீஸ் வேலை. அங்கே எல்லோரும் என்னைப் பார்த்து, "சாருக்கு பம்பர் கம்பெனியிலயே மாட்டிக் குடுத்துட்டாங்க" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால் பம்பர் இன்னும் வெளியே வரும். கீழ் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணானதும், ராசிபுரத்துக்காரியான என் மனைவி ஒரு வியாழக்கிழமை கையோடு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. டாக்டர் டார்ச்சை அடித்து என் உதட்டைத் தூக்கினார். பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. பல்லில் இருந்த பழுப்புக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருநூத்தம்பது அடி" என்றார்.

"என்னுங்க?"

"அடிபம்பு. மெயின்ரோட்டுக்குக் கெழக்கால ஊரு. பாறைக்குள்ள இருந்து வர்ற தண்ணி. மூணு வயசுல இருந்து குடிச்சிருக்க, சாமி."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அந்த அடிபம்பு, எங்கள் பஞ்சாயத்துக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது. ஆழத்துத் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு, பல் முளைக்கிற வயதில் உள்ளே போனால் இப்படிக் கோடு விழும் என்பதும், அந்தக் கோட்டை வைத்து ஆழ்துளை போர் எத்தனை அடி என்று இவர் சொல்வார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. ஒருமுறை போர் துளைக்கிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் தன் மகளை அழைத்து வந்திருந்தார். டாக்டர் முந்நூறு அடி என்றார். ரிக் வண்டிக்காரர் எகிறிவிட்டார். "அந்த போர நாந்தாங்க போட்டேன். முன்னூத்தி நாப்பது அடிங்க!" டாக்டர் மறுபடியும் பல்லைப் பார்த்தார். "பல்லு முன்னூறுன்னுதானுங்க சொல்லுது." பத்து நிமிடம் தலையைச் சொறிந்துவிட்டு வண்டிக்காரர் மெதுவாக ஒப்புக்கொண்டார்: "மோட்டார எறக்குனது முன்னூறுலதானுங்க."

அவர் சாமான்களைக் கொண்டுவருவது நாலடுக்குத் தூக்குப்போசியில். மேல் அடுக்கில் பிராக்கெட்டுகள். பல்லின் மேல் ஒட்டுகிற, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகப் பொத்தான்கள். அவற்றில் கோத்துத்தான் கம்பியை ஓட்டுவார்கள். இரண்டாவது அடுக்கில் குறடுகள். மூன்றாவதில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் பசை. நாலாவதில் தக்காளிச் சோறு. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் ஆசையாகப் பார்த்தால், "சாப்பிடறீங்களா?" என்று மேல் அடுக்கைத் திறந்து நீட்டுவார். அப்புறம் ராசிபுரம் வரைக்கும் அந்த ஸீட்டில் அவர் ஒருவர்தான்.

ஆனால் அவருடைய முழுப் பைத்தியமும் வெளிப்படுவது பிராக்கெட் ஒட்டும்போதுதான். பல்லில் ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. இது எல்லாப் பல் டாக்டருக்கும் தெரியும். இவர் ஒரு படி மேலே போய், எச்சில் என்பது வாயில் ஊறுவதல்ல, நினைப்பில் ஊறுவது என்று நம்பினார். ஆகவே வியாழக்கிழமைகளில் அந்த மாடியில் யாரும் தின்பண்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. மாங்காய், புளி, ஊறுகாய் ஆகிய மூன்று சொற்களும் தடை. காத்திருக்கிற இடத்தில் ஓர் அம்மாள் பக்கத்து அம்மாளிடம், "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டதற்காக உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "கொழம்பக் கீழ போயிப் பேசுங்க! இங்க ஒருத்தன் வாயத் தொறந்து படுத்திருக்கறான்!"

இதில் பெரிய சிக்கல், கீழே இருந்தது நெய்க்கடை. வெண்ணெயை உருக்க ஆரம்பித்தால் வாசனை படியேறி வந்து நாற்காலியைச் சுற்றி நிற்கும். டாக்டருக்கு உதவியாக இருந்த செல்வியக்கா ஜன்னலைத் திறந்து குனிந்து கத்துவார்.

"அண்ணோவ்! ரெண்டு பல்லுதாங்க பாக்கி! செத்த அடுப்ப அணைங்க!"

"ஏனம்மிணி, அங்க பல்லு ஒட்டறதுக்கு இங்க நான் கடைய மூடோணுமா?"

"மூட வேண்டாங்க, வாசத்த மட்டும் நிறுத்துங்க!"

நெய்க்கடைக்காரரும் திட்டிக்கொண்டே அடுப்பைத் தணிப்பார். அவருடைய பேத்திக்கும் இவர்தான் கம்பி கட்டியிருந்தார்.

முதல் நாள் என்னை அளவெடுத்து, அடுத்த வியாழன் வரச் சொன்னார். நான் படியிறங்குகையில் பின்னால் இருந்து ஒரு வார்த்தை சொன்னார். "ரெண்டு வருசம் கம்பி, சாமி. பாக்கறவனெல்லாம் உன்ற பல்லத்தான் பாப்பான். பழகிக்க."

தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது இடியாக இறங்கிற்று. ரெண்டு வருடம் ஊரே என் பல்லைப் பார்க்கப்போகிறது. பார்த்தால் கம்பியா தெரியும்? கம்பிக்குப் பின்னால் அந்தப் பழுப்புக் கோடு அல்லவா தெரியும்! கல்யாண வீட்டில் பந்தலுக்கு விளக்குப் போட்ட மாதிரி, கறைக்கு நானே விளக்குப் போடுகிறேனா? மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பட்டறையில் தலைவலி என்று சொல்லிவிட்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இடத்தில் பல்லுக்கு ஏதோ மருந்து தடவி, விளக்கைக் காட்டி வெளுத்துவிட்டார்கள். வீட்டில் பூசிக்கொள்ள ஒரு டியூபும் கொடுத்தார்கள். வெளியே வந்து, நிறுத்தியிருந்த பைக் ஒன்றின் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்தேன். பைக்கின் சொந்தக்காரர் வந்துவிட்டார். அவரிடமும் காட்டினேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது? சுவருக்கு வெள்ளையடித்த பிறகு ஆணி அடித்தால் என்ன, முன்னால் அடித்தால் என்ன?

வியாழக்கிழமை டாக்டர் என் உதட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

"செல்வி, லைட்டத் திருப்பு."

திருப்பினார்.

"போன வாரம் இருநூத்தம்பது அடி இருந்துச்சே. இன்னிக்கு நூறடிக்கு மேல தெரிய மாட்டீங்குதே!"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்கு உண்மை வராது, கெட்டிக்காரத்தனம்தான் வரும்.

"போன வாரம் கரண்ட் இல்லீங்க சார். டார்ச்சுல பாத்தீங்க. அதனாலதான் கருப்பாத் தெரிஞ்சிருக்குமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "அப்படியா... இருக்கும்" என்றார். அந்த "இருக்கும்" கொஞ்சம் சின்னக் குரலில் வந்தது. நான் கவனிக்கவில்லை. தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன். பல்லுக்கு வேறு எங்காவது வைத்தியம் பார்த்தீர்களா என்று எல்லோரையும் கேட்கிற மாதிரி செல்வியக்கா என்னையும் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

பிறகு கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். டாக்டர் நீல நிறத்தில் ஒரு களிம்பை எடுத்தார். "செல்வி, ஆசிட்டு வெக்கறேன்" என்றார்.

அடுத்த நொடி நான் நாற்காலியில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாயில் வளையம், கழுத்தில் பச்சைத் துணி. காத்திருந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது.

"ஆசிட்டுன்னா கக்கூஸ் ஆசிட்டா தம்பி?" என்று செல்வியக்கா கையைப் பிடித்து இழுத்து வந்தார். "பல்லு மேல சொரசொரப்பு பண்றதுக்குங்க. செவுத்தக் கொத்தி விட்டாத்தான பூச்சு நிக்கும்?"

அந்தக் களிம்பு பல்லில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதற்கு டாக்டர் கடிகாரம் பார்ப்பதில்லை. கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே சேலத்திலிருந்து பஸ்ஸை எடுப்பார். "கொண்டலாம்பட்டி... கொண்டலாம்பட்டி எல்லாம் எறங்கு... பொய்மான் கரடு... மல்லூரு..." நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த பல்லுக்கு மல்லூரோடு நிறுத்தி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார். எங்களைப் போன்ற பாறைத் தண்ணீர்ப் பல்லின் மேல்தோல் இறுகியிருக்குமாம். அதற்கு ஆண்டகளூர் கேட் தாண்டி ராசிபுரம் வரைக்கும் போகவேண்டும். மல்லூரில் ஒரு கிழவி கூடையோடு ஏறுவதற்குக்கூட நேரம் விட்டார். "ஆத்தா, உள்ள போ, உள்ள போ!" எனக்குச் சிரிப்பு குமுறிக்கொண்டு வந்தது. வளையத்தை மாட்டிக்கொண்டு சிரிப்பை அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது காது வழியாக வரும்.

கழுவிக் காயவைத்ததும் பல் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்து நிற்கும். அதன் மேல் பசை தொட்ட பிராக்கெட்டை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள் மாதிரியான கருவி முனையால் ஒரு மயிரிழை நகர்த்துவார். அப்போது அவர் கையைப் பார்க்க வேண்டும். உருண்டு திரண்ட, உழவோட்டுகிறவர் மாதிரியான கை. அது பல்லுக்கு மேலே வந்ததும் ஒரு கொசு உட்காருகிற மாதிரி உட்காரும். பிறகு நீல விளக்கைக் காட்டுவார். பசை இறுகிவிடும். மேல்வரிசையில் பத்துப் பல். செல்வியக்கா கணக்குப்படி, அவர் ஒட்டியது விழுந்து யாரும் திரும்பி வந்ததில்லை. கரும்பு கடித்த ஒரு கல்லூரிப் பெண்ணைத் தவிர. அந்தப் பெண்ணையும் அவர் மன்னித்துவிட்டார், கரும்பு பேர்போன மோகனூர்க் கரும்பு என்பதால்.

அன்று சாயந்திரம் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பல்லின் பிராக்கெட் கழன்று தட்டில் டிங்கென்று விழுந்தது.

"ஏனுங்க, சோத்துல கல்லா?" என்று மனைவி ஓடிவந்தாள். "நான் பொறுக்குன அரிசில கல்லே வராதுங்களே!"

கல் இல்லை என்று தெரிந்ததும் அவள் சமாதானமாகிவிட்டாள். நான் ஆகவில்லை. மறுநாள் இன்னொன்று கழன்று, கம்பியிலேயே தொங்கிக்கொண்டு ஆடியது. அதற்கு மறுநாள் இரண்டு. அடுத்த வியாழனுக்குள் ஆறு. பேசினால் உள்ளே கிணுகிணுத்தது. பட்டறையில் வெல்டர் ஒருவர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, "சார், கொஞ்சம் பேசுங்க, சலங்க சத்தம் கேக்கலாம்" என்றார்.

இங்கேதான் நான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். பிராக்கெட் நழுவிய பல் திறந்து கிடக்கிறதே, சும்மாதானே கிடக்கிறது, ஒரு கை பூசிவிடலாமே என்று அந்த டியூபை எடுத்து, கழன்ற பல்லுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசினேன்.

மூன்றாவது வியாழக்கிழமை டாக்டர் ஆறையும் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"முறுக்குத் தின்னயா?"

"இல்லீங்க."

"நெலக்கடலை?"

"இல்லீங்க. தயிர்ச்சோறுதானுங்க."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மற்ற டாக்டராக இருந்தால் நீதான் கண்டதைத் தின்றாய் என்று திட்டியிருப்பார். இவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "இவரு மேல தப்பில்ல. என்ற வேலைதான் சரியில்ல" என்றார். ஆறையும் மறுபடி ஒட்டினார். இந்த முறை பஸ் ராசிபுரத்தில் நிற்காமல் புதுச்சத்திரம் வரைக்கும் போயிற்று. மல்லூர்க் கிழவி ஏறவே இல்லை.

அந்த வாரம் அந்த ஆறில் ஐந்து விழுந்தன. நான் பூசிய பற்கள் மட்டும் சொல்லிவைத்த மாதிரி கழன்றன. பூசாத நாலு பல் சேலத்து வெளுப்பையும் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. இதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுபடியும் பூசினேன்.

நாலாவது வியாழன் டாக்டர் புதுக் கண்ணாடி போட்டு வந்திருந்தார். கனத்த கண்ணாடி. அதற்குள் கண் இரண்டும் பெரிதாக, தண்ணீருக்குள் இருப்பவை போலத் தெரிந்தன. ஒட்டுவதற்கு முன் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, விரல் மடக்கிக் காரணங்களை எண்ண ஆரம்பித்தார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே.

"எச்சி பட்டா விழும். அது படல. ஆசிட்டு பத்தலன்னா விழும். அது புதுச்சத்திரம் வரைக்கும் போயாச்சு. பசை பழசா இருந்தா விழும். அது புதுசு. ஃபுளோரைடு பல்லுக்கு ஒட்டறது செரமந்தான், ஆனா எத்தன பல்லு பாத்தாச்சு." நாலு விரல் மடங்கின. "பல்ல வெளுத்தவனுக்கு விழும். அந்த மருந்து பல்லுக்குள்ளயே நின்னு பசைய எறுக விடாது. மூணு வாரம் விட்டாத்தான் போகும். இவரு அதெல்லாம் பண்ணுல." அந்த விரலையும் மடக்கிவிட்டு, மூடிய கையைப் பார்த்தார். "அப்பறம் என்ன மிச்சம்? கைதான்."

சட்டைப் பையில் டியூப் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"டாக்டர்..."

"ஆங், அப்படியே தொறந்து வெச்சிரு" என்று வளையத்தை மாட்டிவிட்டார். கழற்றியபோது தைரியம் போய்விட்டிருந்தது.

படியிறங்கும்போது செல்வியக்கா பின்னாலேயே வந்தார்.

"தம்பி, அடுத்த வாரத்தோட டாக்டரு இங்க வர்றத நிறுத்தறாருங்க. சேலத்துல இருந்து வேற ஒரு சின்ன டாக்டரு வாராராம்."

"ஏனுங்கக்கா?"

"கண்ணு போச்சு, கை போச்சுங்கறாரு. எங்க ஊட்டுத் தறியில அறுந்த பட்டெழை ரெண்டு கொண்டாரச் சொன்னாரு. கொண்டாந்து குடுத்தேன். அதுக்கு முடிச்சுப் போட்டுப் பாத்தாருங்க. எங்க மாமனாரு போடற மாதிரியே போட்டாரு தம்பி, முடிச்சே தெரியல. நல்லாத்தான இருக்குதுங்கறேன், நம்ப மாட்டீங்கறாரு. 'எனக்காகச் சொல்லாத செல்வி'ங்கறாரு."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் டியூபை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டியூபையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க வெள்ளையாவறதுக்கு அந்த மனுசன் கண்ணு போச்சுன்னு கண்ணாடி மாத்துனாரா?"

"ஆமா."

"போயி சொல்லுங்க."

"திட்டுவாரு."

"திட்டட்டும். வாங்கிட்டு வாங்க."

அந்த ஏழு நாளும் நான் பயந்த பயத்தை எழுதினால் இந்தப் பத்திரிகையின் எல்லாப் பக்கமும் போதாது. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் ஒரு ஜோக், அப்புறம் விஷயம். முதலில் விஷயம், அப்புறம் ஜோக். கடிதமாக எழுதிக் கிழித்தேன். தபாலில் டியூபை மட்டும் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

ஐந்தாவது வியாழக்கிழமை. காத்திருக்கிற இடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். செய்தி பரவியிருந்தது. ஒருவரும் குழம்பு பற்றிப் பேசவில்லை, யாரும் அதட்டாமலேயே. உள்ளே போனேன். நான் வாய் திறப்பதற்குள் டாக்டர் வழக்கம்போல வளையத்தை மாட்டிவிட்டார். ஏழு நாள் ஒத்திகையும் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டது. "ஆ... ஊ..." என்றேன். "வலிக்குதா?" என்றார். நீலக் களிம்பை எடுத்துப் பல்லில் வைத்துவிட்டார். "கொண்டலாம்பட்டி" என்று ஆரம்பித்த குரலில் பஸ்ஸே இல்லை. ஏதோ காலி ஷெட்டில் நின்று சொல்வது போல இருந்தது.

கையைப் பைக்குள் விட்டு டியூபை எடுத்தேன். அவருடைய குறடுகளுக்கு நடுவில், தட்டில் வைத்தேன்.

டாக்டர் கொண்டலாம்பட்டியோடு நிறுத்தினார். டியூபை எடுத்தார். புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறும் கண்ணால் அந்தப் பொடி எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு செல்வியக்காவைப் பார்த்தார். செல்வியக்கா களிம்பைக் கழுவிவிட்டு என் வளையத்தைக் கழற்றினார்.

"எப்ப?"

"நீங்க மொத மொதல்ல ஒட்டறதுக்கு ரெண்டு நாளு முந்திங்க. சேலத்துல."

"அப்பறம்?"

"விழுந்த பல்லுக்கெல்லாம்... சும்மா கெடக்குதேன்னு... நாந்தானுங்க..."

"விழுந்தது விழுந்ததுக்கெல்லாம் பூசுனயா?"

"ஆமாங்க."

செல்வியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். டாக்டர் டியூபைத் திரும்பத் தட்டில் வைத்தார். நான் ஜோக் சொல்ல முயன்றேன். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"கண் டாக்டருகிட்டப் போனேன்" என்றார் மெதுவாக. "நரம்பு டாக்டருகிட்டப் போனேன். ஊட்டுல காப்பித் தம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சுக் குடிக்கறேன், நடுங்கீருமோன்னு. நீ இத ஜோப்புல வெச்சுட்டு எனக்கு எதுக்கால உக்காந்திருந்த."

"தப்புதானுங்க."

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. மொத நாளு நாஞ் சொன்னது... அடிபம்பு?"

"இருநூத்தம்பதுதானுங்க. பஞ்சாயத்து ஆபீசுல கேட்டுட்டு வந்தேன்."

அவர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். காலடிச் சத்தம் ஜன்னல் பக்கம் போயிற்று. சாத்தியிருந்த ஜன்னல் படீரென்று திறந்தது.

"ஏனுங்கோவ்! நெய்க்கடக்காரரே! காச்சுங்க! இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் காச்சுங்க! இன்னிக்கு இங்க ஒண்ணும் ஒட்டறதில்ல!"

கீழேயிருந்து, "ஏன், டாக்டருக்கு என்னாச்சு?" என்றது குரல்.

"ஒண்ணுமே ஆகுலீங்க!" என்று கத்தினார் டாக்டர். "அதான் விசயம், ஒண்ணுமே ஆகுல!"

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காரணம் புரியாமலே கை தட்டினார்கள். செல்வியக்கா அந்தச் சின்ன டாக்டருக்குப் போன் போட்டார். அவரை வெள்ளிக்கிழமைக்கு வரச் சொன்னார்கள். வியாழக்கிழமையை யாரும் தொடவில்லை.

எனக்குத் தண்டனை உண்டு. பல்லில் இருக்கிற மருந்து போகும்வரை மூன்று வாரம் ஒட்டமாட்டேன் என்றார். ஆனாலும் அந்த மூன்று வியாழனும் நான் வரவேண்டும். வந்து, காத்திருக்கிறவர்கள் தின்பண்டத்தைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, சின்னக் குழந்தைகளிடம் "உஷ்" சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் பிரியாணி என்று சொன்ன ஒரு வாத்தியாரைக் கீழே அனுப்பினேன். பதவி மனிதனைக் கெடுத்துவிடும் என்பது உண்மைதான்.

மூன்று வாரம் முடிந்து ஒட்டினார். மல்லூரில் கிழவி கூடையோடு ஏறினாள். அப்புறம் ஒன்றும் விழவில்லை. இரண்டு வருடம் சொன்னது இரண்டரை ஆயிற்று. மாதம் ஒரு வியாழன் போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வருவேன். பல் உள்ளே போகப் போக, பட்டறையில் என் பட்டப்பெயரையும் மாற்ற வேண்டியதாயிற்று. பழுப்புக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றன. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இப்போது அந்த மாடியில் எல்லாக் கிழமைகளிலும் டாக்டர்கள் இருக்கிறார்கள். நேரம் பார்க்கச் சுவரில் டிஜிட்டல் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஆஸ்பத்திரிதான்.

கம்பியை எடுத்த நாளைச் சொல்ல வேண்டும். அன்று கம்பியை உருவிவிட்டு, பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் குறடால் அமுக்கி எடுக்க ஆரம்பித்தார். முதலாவது வரவில்லை. குறடை மாற்றிப் பிடித்தார். வரவில்லை. அவருடைய நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பெருத்த கஷ்டம் என்று நினைத்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தால், மனிதர் தீபாவளிக்குப் புதுச்சட்டை வாங்கினவர் மாதிரி இருந்தார்.

"செல்வி! வந்து பாரு! வர மாட்டீங்குது!"

செல்வியக்கா பார்த்தார். கீழேயிருந்து நெய்க்கடைக்காரரையும் கூப்பிட்டார்கள். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் வாய்க்குள் குனிந்து பார்த்து, "ஆமாங்க, கெட்டியாத்தான் இருக்குது" என்று சாட்சி சொன்னார். டாக்டர் பல்லின் மேல்தோல் பெயராமல், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கு ஆரம்பித்தது, வெளியே எல்லோரும் போய், வெயில் தணிந்து, சேலம் பஸ்கள் இரண்டு கிளம்பிப் போனபிறகுதான் கடைசிப் பொத்தான் தட்டில் விழுந்தது.

"முடிஞ்சுது, சாமி" என்றார்.

நாக்கால் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று, யாருடைய வாயோ போல இருந்தது. அடுத்த மாதம் நான் எந்த வியாழக்கிழமையும் இங்கே வரவேண்டியதில்லை. எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. நான் வாயைத் திறந்தபடியே படுத்திருந்தேன். அவர் குறடைத் துடைத்தார், திரும்பவும் அதையே துடைத்தார். எழுந்திரு என்று அவர் சொல்லவே இல்லை.